வரி வேண்டாம், ஞானத்தந்தை ஆக வேண்டுமா?

கேள்வி: ஜெர்மனியில் டூசல்டார்ஃப் நகரில் மென்பொருள் வேலை, திருமணம் ஆகவில்லை. வந்த புதிதில் முகவரி பதியும்போது மதம் என்ற கட்டத்தில் கத்தோலிக்கம் என்று எழுதிவிட்டேன். சம்பளத்தில் 9 சதவீதம் சர்ச் வரியாகப் போகிறது, மாதம் 72 யூரோ. கடவுளையே மறந்த நாடு இது. ஞாயிறு பூசையில் பத்துப் பன்னிரண்டு முதியவர்கள்தான். திருச்சபையிலிருந்து விலகிவிடலாமா? ஜனவரியில் தூத்துக்குடியில் தங்கை மகனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நிற்கிறேன். ஊர்ச் சாமியாருக்கு இது தெரியப்போவதில்லை.

பதில்: தம்பி, சாமியாருக்குத் தெரியப்போவதில்லை என்று கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் முக்கியமானது அந்த வரிதான்.

ஜெர்மன் ஆயர் (பிஷப்) பேரவை 2012 செப்டம்பரில் வெளியிட்ட ஆணையைப் படியுங்கள். அரசு அலுவலகத்தில் விலகல் எழுதிக் கொடுத்தவர் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது, நற்கருணை வாங்க முடியாது, ஞானத்தந்தையாகவும் நிற்க முடியாது. அடக்கப் பூசைகூட மறுக்கப்படலாம். ‘வரியிலிருந்து மட்டும் விலகுகிறேன், விசுவாசத்தில் இருக்கிறேன்’ என்ற வாதத்தை லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றமும் அதே மாதம் ஏற்கவில்லை. ஆக, ஜனவரியில் நீங்கள் குழந்தையை ஏந்தி நிற்பது சாமியாரை மட்டும் ஏமாற்றுவதாகாது. இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கத் துணை நிற்பேன் என்று தங்கைக்குக் கொடுக்கும் வாக்கே பொய்யாகிவிடும். கூடப்பிறந்தவளிடம் மறைத்துச் செய்யும் காரியத்துக்கு என்னிடம் சம்மதம் கேட்காதீர்கள்.

கணக்கும் தப்பு. உங்கள் மாநிலத்தில் சர்ச் வரி, சம்பளத்தில் 9 சதவீதம் இல்லை. வருமான வரியில் 9 சதவீதம். மாத வருமான வரி 800 யூரோ பிடித்தால் சர்ச் வரி 72. (பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பெர்கிலும் 8 சதவீதம்.) ஆண்டு முழுவதும் கட்டிய 864 யூரோவையும் வரிக் கணக்கில், வருமானத்திலிருந்து கழிக்கும் சிறப்புச் செலவாகக் காட்டலாம். உங்கள் வருமானத்துக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திரும்ப வரும். வரிக் கணக்கே தாக்கல் செய்யாமல் இருந்துவிட்டு வரியைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

இந்த வரி நேற்று வந்ததும் இல்லை. 1803இல் சிற்றரசுகள் மடங்களின், ஆயர்களின் சொத்துகளைப் பறித்தன; அதன் பிறகு திருச்சபையைத் தாங்க வேறு வழி தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் சர்ச் வரி பிறந்தது. 1919இன் வைமார் அரசியலமைப்பு, அரசுக்கென்று சபை கிடையாது என்று சொன்ன அதே 137ஆம் பிரிவில் சபைகளின் வரி உரிமையை எழுதிவைத்தது. இன்றைய அரசியலமைப்பான 1949இன் அடிப்படைச் சட்டம், 140ஆம் பிரிவு வழியாக அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

கூட்டம் குறைந்தது உண்மை. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் இருவரையும் கூட்டினாலும் 2022 முதல் மக்கள்தொகையில் பாதிக்கும் கீழே. 2023இல் மட்டும் சுமார் 4 லட்சம் கத்தோலிக்கர் விலகினார்கள். அவர்களில் பலரை நான் குறை சொல்ல மாட்டேன். 1946 முதல் 2014 வரை 3,677 சிறார்கள் குருக்களிடமும் துறவியரிடமும் பாலியல் கொடுமைக்கு ஆளானதை, ஆயர்களே கேட்டு வாங்கிய 2018 ஆய்வறிக்கை பதிவு செய்தது. அந்தக் கோபத்தில் விலகுகிறேன் என்று நீங்கள் எழுதியிருந்தால் தலை வணங்கியிருப்பேன். நீங்கள் எழுதியது 72 யூரோவைப் பற்றி. பூசையில் ஆளில்லை என்கிறீர்கள், அந்தப் பத்துப் பேருக்கு அடுத்த இருக்கையில் நீங்கள் எத்தனை ஞாயிறு உட்கார்ந்தீர்கள்? பக்கத்துத் திருத்தலமான கெவலாரில் ஆகஸ்டு மாதம் மாதாவைப் பார்க்க ஆயிரக்கணக்கில் தமிழர் கூடுகிறார்களே, இந்துக்கள் உட்பட! அங்கேயாவது போனதுண்டா?

விசுவாசமே இல்லை என்றால் நேர்மையாக விலகுங்கள். பாஸ்போர்ட்டோடு ஆம்ட்ஸ்கெரிக்ட் எனும் வட்டார நீதிமன்றத்துக்கு நேரில் போய்க் கையெழுத்திடலாம். கட்டணம் 30 யூரோ. பங்குக் கோயிலுக்குக் கடிதம் போட்டால் செல்லாது. கொடுக்கும் சான்றிதழை ஆயுள் முழுக்கப் பத்திரமாக வையுங்கள். பல வருடம் கழித்தும் வரி அலுவலகம் கேட்கலாம். அடுத்த இரண்டு மாதச் சம்பளப் பட்டியலில் பிடித்தம் நின்றதா என்றும் பாருங்கள்.

ஆனால் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன் தங்கைக்கு போன் செய்யுங்கள். வேறு ஞானத்தந்தையைத் தேட அவளுக்கு அவகாசம் வேண்டும். உறுதிபூசுதல் எனும் திருவருட்சாதனம் பெற்ற, 16 வயது நிரம்பிய கத்தோலிக்கராகப் பார்க்கச் சொல்லுங்கள்.