வைட்டமின் டி ஏறினால் இன்ஹேலரை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. பத்து வருடமாக ஆஸ்துமா. காலையும் இரவும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறேன். சமீபத்திய ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14 என்று வந்தது. மூச்சுக்குழாய் அழற்சிக்கே இந்தக் குறைபாடுதான் காரணம், மாத்திரை போட்டு இதைச் சரிசெய்தால் இன்ஹேலர் தேவைப்படாது என்கிறார் என் அண்ணி. அப்படிச் செய்யலாமா?

பதில்: இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். மாத்திரையைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கியே இருக்கிறது. இளைப்பு இல்லாத நாட்களிலும் அந்த வீக்கம் உள்ளே இருக்கும். அதைத் தினமும் அடக்கி வைப்பது நீங்கள் இழுக்கும் ஸ்டீராய்டு மருந்துதான். விட்டால் சில நாட்கள் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு சளி பிடிக்கும்போது மூச்சுத்திணறல் கடுமையாக வரும். இப்படி நிறுத்திவிட்டு நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, உங்கள் அண்ணி சொன்னது எங்கிருந்து வந்தது? அதற்கு அடிப்படை இருக்கிறது. மூச்சுக்குழாயின் உட்படலத்திலும், அதைச் சுற்றியுள்ள தசையிலும், நோய் எதிர்ப்பு செல்களிலும் வைட்டமின் டி வந்து ஒட்டும் ஏற்பிகள் உள்ளன. உட்படலச் செல்களே இந்த வைட்டமினைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்கின்றன. அது கிருமிகளைக் கொல்லும் கதெலிசிடின் என்ற புரதத்தைச் சுரக்க வைக்கிறது. அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின் 10 என்ற புரதம் சுரப்பதற்கும் உதவுகிறது. ஸ்டீராய்டுக்குச் சரியாகக் கட்டுப்படாத ஆஸ்துமாக்காரர்களின் ரத்தச் செல்களில் வைட்டமின் டி சேர்த்தபோது, ஸ்டீராய்டு நன்றாக வேலை செய்ததையும் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். இதையெல்லாம் படித்தபோது எங்களுக்கும் பெரிய நம்பிக்கை இருந்தது.

ஆனால் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், வைட்டமின் டி குறைவாக இருந்த 408 பெரியவர்களில் ஒரு பாதிக்கு இன்ஹேலரோடு தினமும் 4,000 யூனிட் கொடுத்தார்கள். ஆஸ்துமா கட்டுப்பாடு கைவிட்டுப் போவது குறையவில்லை. 2020-ல் குழந்தைகளிடம் செய்த ஆய்விலும் இதே கதைதான். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-ல் இவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது கடும் இளைப்பு குறைவதாகத் தெரிந்தது. அந்தச் செய்தி பரவியது. 2023-ல் அதே அமைப்பு 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பலன் காணாமல் போய்விட்டது. அந்தத் திருத்தம் மட்டும் பலரைப் போய்ச் சேரவில்லை. அளவு 10-க்கும் கீழே போனவர்கள் இந்த ஆய்வுகளில் மிகச் சிலரே, அதனால் அவர்களைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் 14 அந்த வகையில் வராது.

அப்படியென்றால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஏன் குறைவாக இருக்கிறது? இளைப்புக்குப் பயந்து பலர் வெளியே போவதில்லை, வெயில் படுவதில்லை. உடல் பருமன் இருந்தால் இந்த வைட்டமின் கொழுப்பில் தங்கிவிடும். குறைபாடு நோயின் விளைவாகவும் இருக்கலாம்.

ஆனாலும் 14-ஐ அப்படியே விட வேண்டாம். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்றே கொள்கிறோம். இளைப்பு கூடியபோதெல்லாம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால் எலும்பு தேய வாய்ப்பு உண்டு. அந்த எலும்புக்காகவே இதைச் சரிசெய்தாக வேண்டும். அளவை மருத்துவர் எழுதித் தரட்டும். பெரியவர்களுக்கு அன்றாடத் தேவை 600 யூனிட்தான்; மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் தினம் 4,000-ஐத் தாண்டக் கூடாது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, அடங்காத தாகம், சிறுநீரகக் கல் என்று போகும். சிறுநீரகக் கல் முன்பே இருந்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதித்தால் போதும்.

இன்ஹேலரைக் குறைக்கும் ஆசை நியாயமானதுதான். மூன்று மாதம் இரவில் இருமி எழாமல், இளைப்பு வந்தால் உடனே இழுக்கும் அவசர இன்ஹேலரைத் தொட வேண்டிய தேவையே இல்லாமல் இருந்தால், மருத்துவரே அளவைப் படிப்படியாக இறக்குவார். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் அவசர இன்ஹேலர் தேவைப்பட்டால், அடுத்த முறை போகும்போது இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோய், நீங்கள் எப்படி இழுக்கிறீர்கள் என்று அவர் முன்னால் செய்து காட்டுங்கள். நான் பார்ப்பவர்களில் பலருக்குப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.