தேறாதவர் போகும் இடமா ஜாஸ்?

கேள்வி: என் மகன் டபுள் பேஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியம் பயில்கிறான். மேற்கத்தியச் செவ்வியல் இசைக்குழுவில் சேர்வான் என்று பார்த்தால், ஜாஸ் கலைஞர் ரான் கார்ட்டரை உதாரணம் காட்டி ஜாஸும் வாசிப்பேன் என்கிறான். செவ்வியலில் தேறாதவர்கள்தானே ஜாஸுக்குப் போகிறார்கள்? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றால் உருப்படுவானா? (ஒரு வாசகர், புரசைவாக்கம்)

பதில்: ஆறு எது, சேறு எது என்று தீர்மானித்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள். மகன் சொன்ன பெயரையாவது சற்று விசாரித்திருக்கலாம். 1937இல் பிறந்த ரான் கார்ட்டர் பத்து வயதில் செல்லோ பழகத் தொடங்கியவர். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் பள்ளியில் படித்தபோது, வெளி நிகழ்ச்சிகளுக்கான அழைப்பெல்லாம் வெள்ளை மாணவர்களுக்கே போவதைக் கண்டு, அங்கிருந்த ஒரே டபுள் பேஸ் மாணவர் படிப்பை முடித்து வெளியேறும் தறுவாயில் அந்த வாத்தியத்துக்கு மாறினார். வேறு ஆள் இல்லாவிட்டால் தன்னை அழைத்துத்தானே ஆக வேண்டும் என்பது கணக்கு. 1959இல் ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் பட்டமும், 1961இல் மன்ஹாட்டன் இசைப் பள்ளியில் முதுகலைப் பட்டமும் பெற்றார். ஈஸ்ட்மனில் அவருடைய வாசிப்பைப் பாராட்டிய இசை நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி, தாம் அப்போது நடத்திவந்த ஹூஸ்டன் இசைக்குழுவின் நிர்வாகம் கறுப்பினத்தவரை ஏற்காது என்று கூறிவிட்டதைக் கார்ட்டரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கதவைச் சாத்தியவர்களை விட்டுவிட்டு, வெளியே நிறுத்தப்பட்டவரைத் தேறாதவர் என்கிறோம். 1963 முதல் 1968 வரை ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழுவில் அவர் வாசித்ததும், 2015இல் 2,221 ஒலிப்பதிவுகளுக்காகக் கின்னஸில் இடம்பெற்றதும் அதன் பிறகு நடந்தவை.

டபுள் பேஸில் வீணையைப் போல் விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டுகள் கிடையாது. விரல் ஒரு நூல் தள்ளி விழுந்தாலும், வில்லை இழுக்கும்போது அபசுரம் அப்பட்டமாகக் கேட்டுவிடும்; விரலால் மீட்டினால் நாதம் விரைவில் அடங்குவதால் அது ஓரளவு மறைந்துபோகும். ஆகவே, மெதுவான வில்லில் சாதகம் செய்த கைதான், ஜாஸில் அடிக்கு ஒரு சுரமாக நடைபோட்டுக் குழு முழுவதையும் தாங்கும்போதும் சுருதி விலகாமல் நிற்கிறது. ஜாஸ் டபுள் பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் கூட நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் முன்னாள் டபுள் பேஸ் கலைஞரான ஹெர்மன் ரைன்ஷாகனிடம் பாடம் கேட்டவர்தான். இரண்டையும் ஆள்வதில் சங்கடம் இல்லாமல் இல்லை: மீட்டும்போது நெடுநேரம் ஒலிக்கும் தந்தி பல சமயம் வில்லுக்கு எளிதில் இசைந்து கொடுக்காது. தந்தி விலையும் அதிகம். அந்தச் செலவைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தால் நியாயம்.

நீங்கள் கனவு காணும் முழுநேர சிம்பொனி வேலைக்கு, அருகிலேயே பார்ப்பதானாலும் 2006இல் மும்பையில் தொடங்கப்பட்ட குழுவைத்தான் பார்க்க வேண்டும். சென்னையில் இந்த வாத்தியத்துக்குப் பிழைப்பு பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடங்களில்தான். அங்கே ஒரே பாட்டில் சரணத்துக்கு விரலும் இடையிசைக்கு வில்லும் கேட்டால், ஒன்றை மட்டும் கற்றவர் அடுத்த முறை அழைக்கப்பட மாட்டார். மகனைத் தடுக்காதீர்கள். டிரினிட்டி இசைத் தேர்வுகளை மட்டும் பாதியில் நிறுத்தாமல் எழுதி முடிக்கச் சொல்லுங்கள். அந்த வாத்தியம் ஆட்டோவில் ஏறாது என்பதால், தேர்வு நாளுக்கு ஒரு வேனையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.