செக்ரோலும் தரவுத்தளமும்

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்துச் செக்ரோலை, அதாவது தொழிலாளரின் அன்றாட வேலைப் பதிவேட்டை, போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் பதிந்து வருகிறேன். ஒருவருடைய பெயர், பிரிவு, மலை இலக்கம், கொழுந்தின் நிறை, பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) முழுதா அரைப்பேரா என்ற நாள் விபரம் முழுவதையும் ஜேசன் வடிவில் (தலைப்பும் மதிப்பும் சேர்த்து எழுதும் உரை) ஒரே உரை நிரலில் (column) இடுகிறேன். இரண்டு வருடத்தில் கோப்பு பெருத்துவிட்டது. மாதக் கணக்கெடுக்கவும் நேரமாகிறது. ஜேசனைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும் ஜேசன்பி வகைக்கு மாற்றினால் சரிவருமா?
– ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: வேகம் ஓரளவு கூடும், இடம் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2014 இல் வெளியான போஸ்ட்கிரெஸ் 9.4 பதிப்புடன் வந்த ஜேசன்பி, உரையை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிரித்து வாசிக்கும் வேலையைத் தவிர்க்கிறதே தவிர, 'கொழுந்து', 'பிரிவு' என்னும் தலைப்புச் சொற்களை நிரைக்கு நிரை (row) திரும்ப எழுதத்தான் செய்கிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால் 'கொழுந்து' என்ற சொல்லுக்கே 24 பைட் போகிறது. நிறையைக் கிராமில் முழு எண்ணாக வைத்தால் அதற்கு 4 பைட் போதும். தரவுத்தளம் தானாகச் சுருக்காதா என்றால், அந்தச் சுருக்கம் ஏறத்தாழ 2 கிலோபைட்டைத் தாண்டும் நிரைகளுக்கே உரியது. உங்கள் சிறு பதிவுகள் அந்த எல்லையை எட்டுவதே இல்லை.

கணக்கப்பிள்ளையின் காகிதச் செக்ரோலை நினைத்துப் பாருங்கள். பெயர் இடப்பக்கத்தில் மாதத்துக்கு ஒரு முறைதான் எழுதப்படும். அன்றாடம் கட்டத்தில் விழுவது எண் மட்டுமே. கணினி அறிஞர் எட்கர் கொட் 1970 இல் முன்வைத்த, தரவை அட்டவணைகளாக வகுக்கும் தொடர்புநிலை மாதிரியும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. தொழிலாளருக்கு ஓர் அட்டவணை, பிரிவுக்கு ஓர் அட்டவணை, நாட்பதிவுக்கு ஓர் அட்டவணை என வகுத்து, நாட்பதிவில் பெயருக்குப் பதிலாக இலக்கத்தை வைத்து, திகதியையும் தொழிலாளர் இலக்கத்தையும் சேர்த்து, பதிவுகளை விரைவில் தேட உதவும் ஒரு சுட்டி (index) அமையுங்கள். மாதக் கணக்கின் தாமதம் பெரும்பாலும் அதிலேயே தீரும்.

அதற்காகக் காகிதத்தின் 31 கட்டங்களை 31 நிரல்களாக்கிவிடாதீர்கள். நாளுக்கு ஒரு நிரை என்பதே முறை. நிறைக்கு ஒரு நிரை, பேருக்கு ஒரு நிரை என்று உடைப்பதும் வீண், ஏனெனில் ஒவ்வொரு நிரையும் தரவுத்தளம் தானே சேர்க்கும் 23 பைட் தலைப்பகுதியைச் சுமக்கிறது. மழையால் வேலை நின்றது, கவ்வாத்துக்கு (செடி கத்தரிக்கும் வேலைக்கு) மாற்றப்பட்டார் என எப்போதாவது வரும் ஒழுங்கற்ற குறிப்புகளுக்கு மட்டும் ஒரு ஜேசன்பி நிரலை வைத்துக்கொள்ளலாம். வெறுமையாக விட்டால் அது இடம் பிடிப்பதில்லை என்றே சொல்லலாம்.

புதிய அட்டவணையில் ஒரு மாதச் சம்பளக் கணக்கைப் பழையதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகு, பழைய அட்டவணையையே நீக்குங்கள். உள்ளிருக்கும் பதிவுகளை மட்டும் அழித்தால் கோப்பு பெரும்பாலும் அதே பருமனில்தான் கிடக்கும்.