கெந்திங் சம்பளமும் சிங்கப்பூர் வாடகையும்

கேள்வி: 34 வயதான என் மகன் கெந்திங் மலை கேசினோவில், சூதாட்ட மேசைகளைக் கண்காணிக்கும் பிட் மேனேஜராக மாதம் 7,000 ரிங்கிட் வாங்குகிறான். மருமகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சிங்கப்பூரில் அதே வேலைக்கு 6,500 சிங்கப்பூர் வெள்ளி தர முன்வந்திருக்கிறார்கள். குடும்பத்தோடு போனால் மிச்சம் பிடிக்க முடியுமா? மக்காவ் இதைவிட மேல் என்கிறார்களே?
– வாசகர், செந்தூல்

பதில்: 6,500 வெள்ளியை ரிங்கிட்டாக மாற்றினால் ஏறக்குறைய இருபதாயிரம் வரும். ஆனால் செலவும் வெள்ளியிலேயே நடக்கும் என்பதால், அந்தக் கணக்கு ஊருக்கு அனுப்பும் தொகைக்கு மட்டுமே பொருந்தும். கோலாலம்பூரின் செத்தாப்பாக்கில் 1,500 ரிங்கிட்டை ஒட்டிக் கிடைக்கும் வீட்டின் அளவுக்கு, அங்கே நான்கறை அடுக்குமாடி வீட்டுக்கு 3,000 வெள்ளிக்கு மேல் கேட்பார்கள். சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி அதிலேயே போய்விடும்.

இங்கே மகன் செலுத்தும் 11 விழுக்காடும் முதலாளி செலுத்தும் 12 விழுக்காடுமாக, மாதம் 1,610 ரிங்கிட் ஊழியர் சேமநிதியில் சேர்கிறது. சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவருக்கு, அந்நாட்டில் இதற்கு இணையான மத்திய சேமநிதி கிடையாது. நம்மவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுக்க மறப்பது இதைத்தான்.

அனுமதியின் வகையையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 முதல், உயர்நிலைப் பணியாளருக்கான எம்பிளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்கான குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி என்றாலும், அது வயதோடு ஏறி 45 வயதில் 10,700 ஆகிறது. 34 வயதுக்கு 6,500 போதாது என்பதால் அதற்கு அடுத்த நிலை வேலை அனுமதியான எஸ் பாஸ்தான் கிடைக்கக்கூடும். குடும்பத்தை அழைத்துக்கொள்ள நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். மிகைநேர ஊதியம் அதில் சேராது. அப்படியே போனாலும், 2021 மே முதல் சார்ந்திருப்போர் அனுமதியில் (ஊழியரின் குடும்பத்தினருக்குத் தரப்படுவது) உள்ளவர் தமக்கென வேலை அனுமதி பெறாமல் பணிபுரிய முடியாது. ஆகவே மருமகளின் சம்பளம் நின்றுபோகும் வாய்ப்பே அதிகம். என் கணக்கில் வாடகையைவிடப் பெரிய இழப்பு இதுதான்.

மக்காவ் நகரில் சம்பள வரி குறைவு. உச்ச விகிதமே 12 விழுக்காடு. ஆனால் மேசையில் சீட்டுப் போடும் வேலையை அவ்வூர்வாசிகளுக்கே ஒதுக்கியிருப்பதால், மேலாளர்களும் பெரும்பாலும் அவர்களுக்குள்ளிருந்தே உயர்கிறார்கள். வெளியாருக்கு வாசல் குறுகலானது.

நாட்டில் உரிமம் பெற்ற கேசினோ கெந்திங் ஒன்றுதான் என்பதால், போட்டிக்குச் சம்பளம் ஏற்றிக் கேட்க உங்கள் மகனுக்கு இங்கே வேறு இடமில்லை என்பதும் உண்மையே. அதனால் அவர் மட்டும் போய், ஓர் அறை எடுத்துச் சில ஆண்டுகள் உழைப்பதானால் மிச்சம் நிச்சயம் உண்டு. அதிலிருந்து ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை சுயவிருப்பத்தில் இங்குள்ள ஊழியர் சேமநிதிக்குச் செலுத்தலாம். குடும்பத்தோடு போவதை இந்தச் சம்பளத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.