பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஃபேரிங் மாட்டி நிறத்தையும் மாற்ற வேண்டும்: எதில் தொடங்குவது, ஒரிஜினல் மதிப்பு போய்விடுமா?

1970களில் வந்த வண்டி, இன்ஜின் நன்றாக ஓடுகிறது, பெயின்ட் மட்டும் மங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கஃபே ரேசர் (பழைய ரேஸ் வண்டி மாதிரி) பாணியில் ஒரு ஃபேரிங்கும், அதாவது வண்டியின் முன்னால் காற்றைத் தடுக்க மாட்டும் உறையும், புது நிறமும் வேண்டும், ஆனால் பழைய வண்டியைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயமும் இருக்கிறது.

தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் பெயின்ட் கடைசி வேலையாக இருக்கட்டும். ஆசை முழுக்க நிறத்தில் இருப்பதால் எல்லோரும் டேங்க்கைத்தான் முதலில் கழற்றி பெயின்டரிடம் கொடுக்கிறார்கள். அது பளபளவென்று திரும்பி வந்த பிறகு ஃபேரிங்கை வைத்துப் பார்த்தால் ஹேண்டில்பார் டேங்க்கில் இடிக்கும், ஓரத்தைக் கொஞ்சம் அறுக்க வேண்டியிருக்கும், ஒரு துளையைத் தள்ளிப் போட வேண்டியிருக்கும். அத்தனையும் புதுப் பெயின்ட்டுக்குப் பக்கத்தில் நடக்கும். முதலில் ஃபேரிங்கை வெறும் ஃபைபராகவே மாட்டுங்கள், கொஞ்ச நாள் ஓட்டுங்கள், திருத்த வேண்டியதைத் திருத்துங்கள், பிறகு எல்லாவற்றையும் கழற்றிப் பெயின்ட்டுக்குப் போங்கள்.

மதிப்பைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். பிரேமில் புதிதாகத் துளை போடாதீர்கள், எதையும் வெட்டாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். ஃபேரிங்குக்கான பிராக்கெட்டுகள் எல்லாம் கிளாம்ப்பாகவோ, ஏற்கெனவே இருக்கும் போல்ட்டுகளைப் பிடித்தோ இருக்க வேண்டும். டேங்க்கில் கம்பெனிப் பெயின்ட் பாதியாவது உயிரோடு இருந்தால் அதைத் தொடாதீர்கள். அதே மாடலுக்கு வேறொரு டேங்க், சொட்டை விழுந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, தேடி வாங்கி அதில் உங்கள் நிறத்தை அடியுங்கள். என் ஹோண்டா சிபி750-க்கு அப்படித்தான் செய்திருக்கிறேன். நாளைக்கு விற்க நினைத்தாலும், மனம் மாறினாலும், ஸ்பேனர் மட்டும் போதும், வண்டி பழையபடி ஆகிவிடும்.

இனி ஃபேரிங். எவ்வளவு பெரியது என்பதுதான் முதல் முடிவு. 1950களின் ரேஸ் வண்டிகளில் முன் சக்கரத்தையும் சேர்த்து விழுங்கும் ‘டஸ்ட்பின்’ ஃபேரிங் இருந்தது. நேர்க்கோட்டில் அபாரமான வேகம் கொடுத்தது. ஆனால் பக்கக் காற்று அடித்தால் அந்தப் பெரிய முன்பரப்பு வண்டியையே திருப்பிவிடும். 1957 சீசனோடு சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் அதற்குத் தடை போட்டது. இன்றைக்கும் அந்தக் கணக்கு மாறவில்லை: முன்னால் பரப்பு கூடக் கூட, லாரியைக் கடக்கும்போதும் பாலத்தின் மேல் போகும்போதும் வண்டி அசைந்து கொடுக்கும். இன்னொரு பக்கம், பிஎம்டபிள்யூ 1976-ல் ஆர்100ஆர்எஸ் வண்டிக்கு முழு ஃபேரிங் வைத்தபோது இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்துத்தான் அந்த வடிவத்துக்கு வந்தார்கள். நாம் கடையில் வாங்கி மாட்டும் ஃபைபருக்கு அந்தச் சோதனை எதுவும் கிடையாது. அதனால் பழைய வண்டிக்கு, இன்ஜினை மூடாத அரை ஃபேரிங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

எங்கே மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். ஹெட்லைட்டைச் சுற்றி வரும் சின்ன ‘பிகினி’ ஃபேரிங்கை ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்களில்) பிடிக்கலாம், எடை கம்மி. அதைவிடப் பெரியது எதுவானாலும் பிரேமின் தலைப்பகுதியில்தான் உட்கார வேண்டும். ஃபோர்க்கில் ஏற்றினால் எடையும் காற்றின் தள்ளலும் நேராக ஸ்டியரிங்குக்குப் போகும், வேகம் கூடும்போது ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும்.

பிராக்கெட் செய்ய இரும்பை எடுப்பதற்கு முன் கெட்டி அட்டையில் வெட்டிப் பாருங்கள். வண்டி இரண்டு சக்கரத்திலும் நிற்க, ஒருவர் சீட்டில் உட்கார்ந்திருக்க, ஃபேரிங்கை டேப் போட்டுக் கட்டித் தள்ளி நின்று பாருங்கள். ஃபேரிங்கின் மேல் கோடும் டேங்க்கின் அடிக்கோடும் ஒன்றையொன்று எங்கே சந்திக்கின்றன என்பதில்தான் வண்டியின் அழகு முழுக்க இருக்கிறது. ஒரு விரற்கடை மேலே ஏறினாலும் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும்.

பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். கிளட்ச் லீவரைப் பிடித்தபடியே திருப்புங்கள். டேங்க்குக்கும் கைப்பிடிக்கும் நடுவில் கட்டைவிரல் நசுங்கக் கூடாது. பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது. முழுசாகத் திரும்பிய நிலையில் இன்ஜின் வேகம் தானாக ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் எங்கோ மாட்டுகிறது, அதைச் சரிசெய்யாமல் வண்டியை நகர்த்தவே கூடாது. ஃபோர்க் முழுசாக அமுங்கினால் மட்கார்டு ஃபேரிங்கில் இடிக்கிறதா என்பதைக் கையால் அழுத்திப் பார்த்தால் தெரியாது. பட்டை போட்டு இறுக்கிக் கட்டி ஃபோர்க்கைக் கீழே இறக்கிப் பாருங்கள்.

காற்றால் குளிரும் இன்ஜின் என்றால் அதன் துடுப்புகளுக்குக் காற்று போகும் வழியை அடைக்காதீர்கள். சிபி750-ல் ஆயில் ஃபில்டர் இன்ஜினின் முன்முகத்தில் இருக்கிறது. முழு ஃபேரிங் போட்டால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் அதைக் கழற்ற வேண்டும். உங்கள் வண்டியில் எது எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சைலன்சர் குழாய்க்கு மிக அருகில் வரும் ஃபைபர் பழுப்பேறிப் பொரிந்துவிடும், உள்பக்கம் வெப்பத்தைத் தடுக்கும் தாள் ஒட்ட வேண்டும்.

ஃபேரிங்கைக் கொல்வது அதிர்வுதான். பழைய ஃபேரிங் எதையாவது பாருங்கள், ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் நட்சத்திரம் போல விரிசல் ஓடியிருக்கும். துளையை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாகப் போட்டு, ரப்பர் புஷ் வைத்து, அதற்குள் ஒரு உலோகக் குழாய்த் துண்டு வையுங்கள். போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் அந்தக் குழாய்தான் பாரத்தைத் தாங்கும், ஃபைபர் ரப்பரில் மிதக்கும். பின்னால் அகலமான வாஷர். போல்ட் கழலாமல் இருக்கத் திரெட்லாக்கர் திரவம் ஊற்ற வேண்டாம். அது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கிலோ அக்ரிலிக் கண்ணாடியிலோ ஒரு சொட்டுப் பட்டாலும் அந்த இடத்தில் விரிசல் விழும். நைலான் வளையம் உள்ள லாக் நட் போதும். ஃபேரிங்கின் முன்கண்ணாடியில் துளை போடும்போது பின்னால் மரக்கட்டை வைத்து மெதுவாகப் போடுங்கள். டிரில் மறுபக்கம் வெளியே வரும் அந்தக் கடைசி நொடியில்தான் அக்ரிலிக் உடையும்.

கொஞ்ச நாள் ஓட்டிக் கழற்றிய பிறகு, ஃபேரிங்கை முதலில் கழுவுங்கள். புது ஃபைபரில் அச்சிலிருந்து பிரிப்பதற்காகத் தடவிய மெழுகு ஒட்டியிருக்கும். அதை மெழுகு நீக்கும் திரவத்தால் துடைக்காமல் உப்புத்தாள் போட்டால், தேய்க்கும் கோடுகளுக்குள்ளேயே மெழுகு இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பெயின்ட் பின்னாளில் தோலாக உரியும். விரிசலை மேலே பட்டி பூசி மறைக்காதீர்கள், அது திரும்ப வரும். பின்பக்கம் ஆங்கில ‘வி’ வடிவில் சீவி, ஃபைபர் நார்ப்பாயும் ரெசினும் வைத்துக் கட்டுங்கள். பின்பக்கம் நார் தெரியாமல் வழவழவென்று இருந்தால் அது பெரும்பாலும் ஏபிஎஸ். அதில் பாலியஸ்டர் ரெசின் சரியாகப் பிடிக்காது, எபாக்ஸி வேண்டும்.

டேங்க்கில் வெளிவேலைக்கு முன் உள்வேலை. பெட்ரோலை வடித்துவிட்டதாலேயே டேங்க் காலி என்று நினைக்காதீர்கள், உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும். நன்றாகக் கழுவி ஆவி இல்லை என்று உறுதியாகும் வரை வெல்டிங், சால்டரிங் எதுவும் கூடாது. துருவுக்கு சிட்ரிக் அமிலம் போன்ற மென்மையான அமிலக் கரைசல் போதும், கழுவியவுடன் உலர்த்த வேண்டும். சொட்டையை எடுக்கிறவர்கள், துருவில் ஓட்டை விழுந்து ஒட்டுகிறவர்கள் எல்லோரும் அந்த வேலையை முடித்த பிறகுதான் பெயின்டர் கைவைக்க வேண்டும். பழைய பெயின்ட்டை நீக்க மணல் பீய்ச்சும் முறை வேண்டாம். மெல்லிய தகடு நெளியும், மணல் உள்ளேயும் போகும், அது கார்புரேட்டர் வரை வரும். பெயின்ட் ரிமூவரும் பொறுமையும் போதும். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே வறட்டுத் தேய்ப்பு வேண்டாம், வாட்டர் பேப்பரில் ஈரமாகத் தேயுங்கள்.

வெறும் இரும்பின் மேல் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் மெல்லிய பட்டி, அதன் மேல் கெட்டியான பிரைமர். அதன் மேல் கறுப்பு நிறத்தைப் புகை மாதிரி லேசாகத் தூவிவிட்டு, ரப்பர் கட்டையில் வாட்டர் பேப்பரைச் சுற்றித் தேய்க்க வேண்டும். மேடான இடத்தில் கறுப்பு உடனே போய்விடும், பள்ளத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக நிற்கும். விரலால் தடவித் தெரியாத பள்ளத்தைக்கூட அது காட்டிக்கொடுக்கும். வெறும் கையால் தேய்த்தால் விரல் பட்ட தடம் அலை அலையாக விழும், பளபளப்பு வந்த பிறகுதான் அது கண்ணில் படும்.

நிறத்துக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த இடம். 1969-ல் சிபி750 வந்தபோதே கேண்டி நிறங்களில் வந்தது. கேண்டி என்பது ஒரே பெயின்ட் கிடையாது. அடியில் வெள்ளி அல்லது தங்க நிறம், அதன் மேல் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் சாயம், அதன் மேல் கிளியர் என்னும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. வெளிச்சம் சாயத்தைத் தாண்டிப் போய் வெள்ளியில் பட்டுத் திரும்பி வருவதால்தான் அந்த ஆழம். வெயிலில் சாயம் மங்கும். உங்கள் வண்டியின் உண்மையான நிறம் எது என்று பார்க்க பக்கவாட்டு மூடியில் உள்ள பேட்ஜைக் கழற்றுங்கள். வெளியே செங்கல் பொடி மாதிரி இருக்கும் சிவப்பு, பேட்ஜுக்கு அடியில் மாதுளை முத்தாக இருக்கும். எனக்கு அதைப் பார்த்த பிறகு வேறு நிறம் தேடவே மனம் வரவில்லை.

கேண்டியின் சிக்கல், ஒவ்வொரு பூச்சுக்கும் நிறம் அடர்ந்துகொண்டே போகும் என்பது. டேங்க்கை இன்றும் ஃபேரிங்கை அடுத்த வாரமும் அடித்தால் இரண்டும் ஒத்துப்போகாது. டேங்க், ஃபேரிங், பக்கவாட்டு மூடிகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், வண்டியில் எந்தச் சாய்வில் உட்காருமோ அதே சாய்வில் தொங்கவிட்டு, ஒரே டப்பா வெள்ளியை அடியில் கொடுத்து, ஒரே எண்ணிக்கையில் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். இரும்பும் ஃபைபரும் வேறு வேறு என்பதால் அடிப் பிரைமரின் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் ஒரு தகட்டில் அடித்துப் பார்த்து, எத்தனையாவது பூச்சில் உங்களுக்குப் பிடித்த நிறம் வருகிறது என்று குறித்துக்கொள்வது அவசியம்.

கேண்டியில் கல் தெறித்து ஒரு பொட்டு போனால் அந்த இடத்தை மட்டும் ஒட்டவே முடியாது. ஃபேரிங்கின் மூக்குதான் எல்லாக் கல்லையும் வாங்கும். அதனால் ஃபேரிங்குக்குச் சாதாரண ஒற்றை நிறமும் டேங்க்குக்குக் கேண்டியும் கொடுத்து, இரண்டையும் ஒரு கோட்டால் இணைப்பது நல்ல யோசனை. என் ஃபேரிங் கறுப்பு, டேங்க் சிவப்பு, தங்கக் கோடு ஒன்று இரண்டிலும் ஓடுகிறது. கோட்டை ஸ்டிக்கராக ஒட்டாமல் கையால் இழுக்கச் சொல்லுங்கள். அணில் முடியில் செய்த நீளமான தூரிகை அதற்கென்றே இருக்கிறது. கோட்டுக்கு மேலும் கிளியர் வர வேண்டும். நிறத்துக்கு வேறு யோசனை வேண்டுமென்றால் 1973-ல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்90எஸ் படங்களைத் தேடிப் பாருங்கள். ஒரு நிறம் புகையாக இன்னொன்றில் கரையும், கையால் அடித்ததால் ஒரு வண்டி போல இன்னொன்று இருக்காது. சின்ன ஃபேரிங்கும் டேங்க்கும் ஒரே உடம்பாகத் தெரிவதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கிளியர், ஹார்டனர் கலந்த இரட்டைக் கலவையாகவே இருக்க வேண்டும். சாதாரண ஸ்ப்ரே டப்பா கிளியர் பெட்ரோல் சிந்தினால் இளகிவிடும், டேங்க் மூடியைச் சுற்றித்தான் முதலில் போகும். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. வாசனையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, ஒருமுறை நுரையீரலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுளுக்கும் ஆஸ்துமா. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி இல்லாமல் இதை வீட்டில் அடிக்காதீர்கள். தேய்க்கும் வேலை எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள், கிளியரை மட்டும் முறையான பெயின்ட் பூத் உள்ளவரிடம் கொடுங்கள்.

அடித்து வந்தவுடன் மாட்டும் ஆசையை அடக்குங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே கிளியர் இன்னும் இறுகிக்கொண்டிருக்கும், ரப்பர் புஷ்ஷும் சீட்டின் விளிம்பும் அழுந்திய இடத்தில் தடம் விழுந்துவிடும். மேலே பிளாஸ்டிக் உறை போடாதீர்கள். மெழுகு பாலிஷ் பெயின்ட் கம்பெனி சொல்லும் காலம் வரை வேண்டாம். பல நாடுகளில் பதிவுச் சான்றில் வண்டியின் நிறம் இருக்கும், மாற்றினால் தெரிவிக்க வேண்டும், அதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய டேங்க்கின் உள்ளே லேசாக எண்ணெய் சுழற்றிவிட்டு, மூடியை இறுக்கி, துணி சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். எந்தப் போல்ட் எங்கிருந்து வந்தது என்று எழுதிய பையும் அதோடு இருக்கட்டும்.