மெட்டு பழசு, கிண்டல் புதுசு: கேள்வி பதில்

சினிமாவின் நகைச்சுவைப் பாட்டுகளைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

'கல்யாண சமையல் சாதம்' வெள்ளைக்காரன் பாட்டின் காப்பி என்கிறார்களே, நிஜமா? (மதுரை வாசகர்)

மெட்டின் வேர் அங்கேதான். சார்லஸ் பென்ரோஸ் 1922-இல் பாடிய 'தி லாஃபிங் போலீஸ்மேன்' இசைத்தட்டைக் கேட்டால் உங்களுக்கே பிடிபட்டுவிடும். அதுவும் அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. அதற்குச் சுமார் முப்பது வருடம் முன்பே ஜார்ஜ் ஜான்சன் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பாடிப் பதிவு செய்த மெட்டு அது. தெலுங்கு நாடக மேடையைச் சுற்றிவிட்டு 1957-இல் 'மாயாபஜார்' படத்துக்கு வந்து சேர்ந்தது. சிரிப்பதற்கென்றே மெட்டுக்குள் இடம் விட்டிருக்கிறது பாருங்கள், அந்த இடத்தில்தான் கடோத்கஜனாக நடித்த ரங்காராவுக்காகத் திருச்சி லோகநாதன் வெடித்துச் சிரிக்கிறார்.

அப்படியானால் அதுவும் பகடிதானே? (அதே வாசகர்)

இல்லை, இரவல். போலீஸ்காரன் பாட்டைக் கேட்டே இராதவரும் கடோத்கஜனைப் பார்த்துச் சிரிக்கலாம். தெரிந்த ஒரு பாட்டைக் கிண்டலாகப் போலி செய்யும் பகடிக்கு அது போதாது. மூலப்பாட்டு கேட்பவர் காதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

தமிழில் நல்ல பகடிக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள். (கல்லூரி மாணவி, கோவை)

என்.எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்' காலட்சேபம்தான் என் முதல் தேர்வு. 'நல்லதம்பி' (1949) படத்தில் வருகிறது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தை அப்படியே கவிழ்த்துப் போடுகிறார். நந்தனுக்குச் சிதம்பரம் போக ஆசை, கிந்தனுக்குப் பட்டணம் போய்ப் படிக்க ஆசை. ரயில் வருகிற இடத்தைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். சக்கரம் சுழலும் சத்தம் சொல்லிலேயே வருகிறது. எல்லாச் சாதியையும் ஒரே பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகிறதே என்று ரயிலைப் புகழ்கிறார். காலட்சேபம் செய்யும் பாகவதரின் பாணி மட்டும் கொஞ்சமும் பிசகாது. கோமாளித்தனம் செய்து பாடியிருந்தால் பாதி சிரிப்பு போயிருக்கும்.

ஜனங்களுக்கு மூலம் தெரியுமா என்ற கவலையே அவருக்கு இல்லை. தண்டபாணி தேசிகர் நடித்த ஜெமினி 'நந்தனார்' 1942-இல்தான் வந்திருந்தது.

கிருஷ்ணனுக்கு முன்பு இப்படி யாரும் செய்யவில்லையா? (நாகர்கோவில் வாசகர்)

பாரதியாரே செய்திருக்கிறார், அதுவும் இதே நந்தனாரை வைத்து! பண்ணையார் நந்தனைத் திட்டும் 'மாடு தின்னும் புலையா, உனக்கு மார்கழித் திருநாளா?' என்ற பாட்டின் வர்ணமெட்டில், 'தொண்டு செய்யும் அடிமை, உனக்குச் சுதந்திர நினைவோடா?' என்று எழுதினார். பேசுவது ஆங்கிலேய அதிகாரி. இரண்டிலும் மாறாமல் நிற்பது 'உனக்கு' என்ற ஒரு சொல், குத்தல் முழுவதும் அதில்தான் இருக்கிறது. இந்தியரைப் பார்த்து வெள்ளைக்காரன் பேசுவது பண்ணையார் நந்தனிடம் பேசுவதைப் போலத்தானே என்று கேட்பவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

'படோசன்' இந்திப் படத்தின் 'ஏக் சதுர் நார்' போட்டிப் பாட்டு நம்மிடமிருந்து போனதா? (சென்னை வாசகர்)

காட்சி நம்மிடம் முன்பே உண்டு. 'அடுத்த வீட்டுப் பெண்' (1960) படத்தில் சீர்காழியும் திருச்சி லோகநாதனும் பாடிய 'கண்களும் கவிபாடுதே'. இரண்டு படத்துக்கும் கதை வங்காளத்து 'பாஷேர் பாடி'. 'ஏக் சதுர் நார்' பாட்டின் தொடக்கமோ 1941-இல் 'ஜூலா' படத்தில் அசோக்குமார் பாடியது. 'படோசன்' நடிகர் மெஹ்மூதின் மதராஸி உச்சரிப்பு எனக்கு இன்றும் கொஞ்சம் எரிச்சல்தான், அவருக்காகப் பாடிய மன்னா டேயின் குரலுக்காகப் பொறுத்துக்கொள்வேன்.

'ஓ மகசீயா' எந்த வகை? (திருச்சி வாசகர்)

'தமிழ்ப் படம்' (2010) படத்தில் வரும் இந்தப் பாட்டு தலைகீழ் வித்தை. நாக்க முக்க, ரண்டக்க என்று சொற்கள் எல்லாம் பிற பாட்டுகளின் இரவல், மெட்டு புதுசு. ஹரிஹரன் அதை உருகி உருகிப் பாடுவதுதான் நகைச்சுவை.

ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டைக் கிண்டலாக மாற்றப் போகிறோம். சட்டச் சிக்கல் வருமா, எப்படி எழுதுவது? (ஈரோட்டு மாணவர்)

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் பகடிக்கென்று தனி விலக்கு கிடையாது, தம்பி. விமர்சனத்துக்கான நியாயமான பயன்பாடு என்ற வழி மட்டும் உண்டு. வீடியோவை இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் இறந்து 60 ஆண்டு கடந்த பழைய பாட்டாக இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. எழுதும்போது நெடில் வருகிற இடத்தில் நெடிலே போடுங்கள், பல்லவியின் முதல் சொல்லோ கடைசிச் சொல்லோ ஒன்றை மாற்றாமல் விடுங்கள். அப்புறம், பாடுகிறவர் மேடையில் சிரிக்கக் கூடாது.