1366 ஏன் வரவில்லை?

கேள்வி: 1366x768 புள்ளிகள் கொண்ட பழைய 18.5 அங்குல மானிட்டரை விஜிஏ கேபிளில் மாட்டியிருக்கிறேன். லினக்ஸில் 1024x768க்கு மேல் போக மறுக்கிறது, எழுத்தெல்லாம் பக்கவாட்டில் இழுத்த மாதிரி தெரிகிறது. மானிட்டர் போய்விட்டதா?

பதில்: இல்லை. மானிட்டர் தன் அளவுகளை விஜிஏ பிளக்கின் 12, 15ஆம் பின்கள் வழியாகத்தான் கணினிக்குச் சொல்லும். மலிவுக் கேபிள் சிலவற்றில் அந்தக் கம்பியே இருக்காது, அதனால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையா? எக்ஸ்11-இல் (லினக்ஸில் திரையைக் காட்டும் பழைய முறை, X11) நுழைந்து, டெர்மினலில் சிவிடி (cvt) கட்டளைக்கு 1366 768 கொடுத்தால் ஒரு மோட்லைன், அதாவது அந்தத் திரை அளவுக்கான விவர வரி வரும், அதைத் திரை அளவை மாற்றும் எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளையில் நியூமோட் (--newmode), அப்புறம் ஆட்மோட் (--addmode) என்று சேர்த்துவிடலாம். அகலம் 1368 என்று வந்தால் பதறாதீர்கள், அந்தக் கணக்கு 8ஆல் வகுபடும் எண்ணைத்தான் ஏற்கும். ஓரத்தில் இரண்டு புள்ளி போகும், எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. திரை கறுத்தால் ரீபூட் போதும், சேர்த்ததெல்லாம் போய்விடும்.